கைராசி இல்லை என்று எழுதிய வாசகிக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்த நான்கு வரிகளைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய செம்பருத்திக் கொப்பை ஐந்து முறை நட்டுப் பார்த்தாராம். ஐந்து முறையும் அடி கறுத்து அழுகிப் போனதாம். “எனக்குக் கைராசி இல்லை, இனிமேல் வைப்பதாக இல்லை” என்று முடித்திருந்தார். அவருக்குப் பதிலாக எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டது. இடமிருந்தால் முழுவதையும் போடுங்கள்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 33 ஆண்டு வேலை பார்த்து 2015இல் ஓய்வு பெற்றவள். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஏறக்குறைய 5,000 பேர் கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, பிரசவமான வீடுகளைப் பார்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி என்று ஒரு வீட்டுக்கு வருஷத்தில் பத்துத் தடவையாவது போய்விடுவேன். போன வீட்டில் கொல்லையைப் பார்க்காமல் திரும்பியதில்லை. “நர்சம்மா, அடுக்கு நந்தியாவட்டை பூத்திருக்கு பாருங்க, ஒரு கொப்பு ஒடிச்சுக்கிட்டுப் போங்க” என்று அவர்களே கொடுப்பார்கள். அதை ஈரப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். தடுப்பூசிப் பெட்டிக்குள் மட்டும் ஒருநாளும் வைத்ததில்லை. இப்படிச் சேர்ந்ததுதான் என் கொல்லை. செடிகளுக்கு நான் வைத்த பெயரெல்லாம் வீட்டுப் பெயர்கள்தான். மதுக்கூர் செம்பருத்தி, சேதுபாவாசத்திரம் அரளி, இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டு இட்லிப்பூ என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

முதலில் அந்தச் சகோதரியின் செம்பருத்தியைப் பார்ப்போம். அடி கறுத்து அழுகியது என்று எழுதியிருக்கிறாரே, காரணம் அதிலேயே இருக்கிறது. எருவும் செம்மண்ணும் கலந்த தொட்டியில் நட்டு, பாசத்தோடு காலையும் மாலையும் தண்ணீர் விட்டிருப்பார். கொப்புக்கு வேரே கிடையாது. அது எருவைச் சாப்பிட முடியாது. வெட்டுக்காயத்தோடு நிற்கும் கொப்பை எருவுக்குள் செருகுவது, புதுப் புண்ணின் மேல் சாணியை அப்புகிற மாதிரி. எருவில் இருக்கும் பூஞ்சை அந்தக் காயத்தின் வழியாக ஏறும், தண்ணீர் தேங்கினால் இன்னும் வேகமாக ஏறும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி வெட்டும்போது நாங்கள் எதற்குப் பயப்படுவோமோ அதேதான் இங்கேயும் நடக்கிறது. இதில் கைராசிக்கு ஒரு வேலையும் இல்லை.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். நுனிக் கொழுந்து வேண்டாம், அடியில் முற்றி மரமாகிப்போனதும் வேண்டாம். நடுவில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும் இடத்தில், பென்சில் தடிமனில் ஒரு சாண் நீளம் எடுங்கள். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுப்பு நெருப்பில் ஒரு முறை காட்டி ஆறவிடுங்கள். ஒடிக்கக் கூடாது, பிய்க்கக் கூடாது. நார் கிழிந்தால் அங்கேதான் அழுகல் தொடங்கும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டுங்கள். வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் கிளம்பும். சாய்வும் நேருமாக வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்துக் கொப்பை ஒன்றாகக் கட்டி வைத்தால் எது தலை எது கால் என்று மறந்துபோகும். தலைகீழாக நட்ட கொப்பு தேறாது.

கீழே இருக்கும் இலைகளை எல்லாம் எடுத்துவிட்டு மேலே இரண்டே இரண்டு வைத்து, அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். வேர் இல்லாதபோது இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் கொப்பு வதங்கிவிடும். மேல் வெட்டில் மஞ்சளைக் குழைத்து வைப்பேன். மண்ணுக்குப் பதில், ஆற்றுமணல் பாதி, அலசிய தென்னை நார்த்தூள் பாதி. நார்த்தூளில் உப்பு நிற்கும். மூன்று தண்ணீராவது ஊற்றிப் பிழிந்துவிட வேண்டும். குச்சியால் குழி போட்டுவிட்டுக் கொப்பை வையுங்கள். அப்படியே அழுத்திக் குத்தினால் அடித்தோல் உரியும். நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டு, தண்ணீர் பாட்டிலை அடி வெட்டி மேலே கவிழ்த்துவிடுங்கள். உள்ளே முத்துமுத்தாக வியர்த்திருக்கும் வரை மறுபடி தண்ணீர் வேண்டாம். மதிலோரம் வெளிச்சம் மட்டும் விழும் நிழலில் வைத்துவிட்டு, 25 நாளாவது அந்தப் பக்கம் கையை நீட்டாமல் இருக்க வேண்டும்.

இதில் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது துளிரில்தான். ஏழாம் நாள், எட்டாம் நாள் கணுவில் பச்சையாக ஒரு துளிர் வரும். “பிடிச்சிருச்சு” என்று சந்தோஷப்பட்டு வெயிலில் தூக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் வேர் வந்திருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். அந்தத் துளிர், கொப்புக்குள் ஏற்கெனவே இருந்த சத்தில் வந்தது. கீழே ஒரு மயிரிழை வேர்கூட இருக்காது. அதை நான் பொய்த்துளிர் என்பேன். இரண்டாவது, மூன்றாவது இலை விரிந்து, பழைய அளவுக்குப் பெரிதாகி, நிறமும் கெட்டியானால்தான் வேர் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சகோதரியின் ஐந்தில் ஒன்றிரண்டாவது இந்தப் பொய்த்துளிரோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாச் செடிக்கும் இதே முறை என்று சொல்ல மாட்டேன். மல்லிகைக்குப் பதியம்தான் சுலபம். தாழ்வான கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, அரை அடி மண்ணுக்குள் புதைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் கன்று தயார். தாய்ச்செடி பால் கொடுத்துக்கொண்டே இருப்பதால் பயமில்லை. பத்துப் பதினைந்து கன்று தேவை என்றால் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக் கன்றுகளைச் சொல்லி வரவழைக்கலாம். தமிழ்நாடு முழுக்க மல்லிகைத் தோட்டங்களுக்கு அங்கிருந்துதான் கன்று போகிறது. மாதுளை, எலுமிச்சைக்கு மரத்திலேயே பதியம் கட்டலாம். ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்துவிட்டு, ஈர நார்த்தூளை வைத்து பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினால் மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்குள் தாளுக்குள் வெள்ளை வேர் ஓடுவது கண்ணுக்கே தெரியும். முருங்கைப் போத்தை வெட்டிய அன்றே நடாமல் இரண்டு மூன்று நாள் நிழலில் சாத்தி வைத்து வெட்டு காய்ந்தபிறகு நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிரண்டைக்கும் வெற்றிலைக்கும் கணு இருந்தால் போதும். கறிவேப்பிலைக்குப் பழம் கறுத்ததும் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு உடனே விதைக்க வேண்டும். அந்த விதையைக் காயவைத்துச் சேர்த்து வைத்தால் உயிர் போய்விடும்.

வளர்ப்பதற்கு வழி சொல்ல நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது செடியைக் கொடுப்பதைப் பற்றி. அதில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன்.

2009ஆம் வருஷம் ஆடியில், என் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு மதுக்கூர் செம்பருத்தியில் ஒரு கன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவரை இழந்தவர். கொல்லையில் 12 பப்பாளி மரம். அந்தப் பழத்தை விற்றுத்தான் பெண்ணின் படிப்புச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது பப்பாளியின் தண்டிலும் காயிலும் இலையடியிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி வெள்ளை அப்பிக் கிடந்தது. காயைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. நான் கொடுத்த செம்பருத்தியின் நுனி முடிச்சுப் போட்டதுபோல் சுருண்டிருந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் தாய்ச்செடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிக்கொப்பின் கவட்டில் அதே வெள்ளை, மிளகளவில். கொடுத்தபோதே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. மறுநாள் போய் அவரிடம் சொன்னேன். “நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க, விடுங்க நர்சம்மா” என்றார். 12 மரத்தில் 9 போய்விட்டது.

கைகழுவாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். நோயை நானே கையில் எடுத்துக்கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்தப் பூச்சி நம் ஊர்ப் பூச்சியே இல்லை. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி; 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் பிடித்தது. மருந்தடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மேலே மெழுகும் பஞ்சுமாக இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியை பெங்களூரு ஆய்வு நிறுவனம் மூலம் வரவழைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. அசெரோபேகஸ் பப்பாயே என்று பெயர். எள்ளில் கால்வாசி இருக்கும். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும். கொஞ்ச காலத்தில் எங்கள் பக்கமும் பப்பாளி தலையெடுத்தது. அந்த அம்மா மறுபடியும் எட்டு மரம் வைத்தார்.

மருந்து அவ்வளவு அடித்தும் அடங்காதது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவிக்கு அடங்கியது. அதைப் பார்த்தபிறகு என் தோட்டத்தில் எதையும் பார்த்ததும் கொல்வதை விட்டுவிட்டேன். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் அதைப் போலவே வெள்ளையாக, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று சில சமயம் இருக்கும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசையாது, அசைந்தாலும் நகர்வது தெரியாது. இது விறுவிறுவென்று ஓடும். அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. பெரிய பூச்சி என்று அதைத்தான் எல்லோரும் முதலில் நசுக்குகிறார்கள். அதேபோல, கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். நாலைந்து இலை போகும். பெரிய மரமாக இருந்தால் விட்டுவிடுவேன், சின்னக் கன்றாக இருந்தால் இலையோடு எடுத்து எலுமிச்சைச் செடியில் விட்டுவிடுவேன்.

அந்தத் தப்புக்குப் பிறகு எனக்கென்று சில பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும், கோயில் பிரசாதமாக வந்த துளசியாக இருந்தாலும், மூன்று வாரம் மற்ற செடிகளோடு சேர்க்க மாட்டேன். வாசல் பக்கம் தனியாக நிற்கும். வாரம் இரண்டு முறை இலையைத் திருப்பியும் கவட்டுக்குள்ளும் பார்ப்பேன். கொடுப்பதற்கு முன்பும் அதே மூன்று வாரம். எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா என்பதுதான் முதல் அடையாளம். மாவுப்பூச்சியும் அசுவினியும் விடும் தேன் போன்ற கழிவுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. தொட்டியை ஒரு தட்டில் நான்கு கல்லின் மேல் நிறுத்தித் தட்டில் தண்ணீர் வைக்கிறேன். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டி மாற்ற வேண்டும். இதை மறக்கவே கூடாது. டெங்கு பார்த்தவள் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு மாவுப்பூச்சி என்றால் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பேன். அதிகம் என்றால் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, மறுநாள் சாயங்காலம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி இலையடி நனையத் தெளிப்பேன். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரே தடவையில் போகாது. வாரம் ஒன்றாக மூன்று வாரம். அப்போதுதான் முட்டையிலிருந்து வருவதும் மாட்டும்.

வேரைப் பார்ப்பதும் இப்படிப் படித்த பாடம்தான். ஓய்வுபெற்ற மறுவருஷம், பெரிய நாற்றுப்பண்ணை ஒன்றில் நல்ல விலை கொடுத்து மூன்று கொய்யாக் கன்று வாங்கினேன். இலை பளபளவென்று இருந்தது. ஒரு வருஷத்தில் இலை சிவந்து, ஓரம் காய்ந்து, மூன்றும் நின்றது நின்றபடி போயின. தோண்டினால் வேரெல்லாம் மணி கோத்த மாதிரி முடிச்சு. நகத்தால் சுரண்டினால் உதிரவில்லை; வேரே வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. கன்றோடு வந்த மண்ணிலேயே வந்திருக்கிறது. இன்று எங்கே கன்று வாங்கினாலும் பையைப் பிரித்து ஒரு பக்கத்து வேரைத் தண்ணீரில் அலசிப் பார்க்காமல் குழியில் இறக்குவதில்லை. அந்த இடத்தில் இரண்டு வருஷம் செண்டுமல்லியும் வேப்பம்புண்ணாக்கும் போட்டபிறகுதான் வேறு வைத்தேன். அங்கிருந்து மண் எடுத்து யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டியில் வேர்ப்பூச்சி, எறும்பு என்றால் “ஒரு ஸ்பூன் குருணை போடுங்க, சரியாயிடும்” என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குருணை என்று ஊரில் பலர் சொல்வது போரேட். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நாட்டில் அதற்குத் தடை வந்துவிட்டது. பழைய பொட்டலம் எங்காவது பரணில் இருக்கும். அது வேர் வழியாகச் செடி முழுக்க ஏறும் விஷம். அந்தத் தொட்டியின் கறிவேப்பிலைதான் நாளைக்கு ரசத்தில் மிதக்கும். பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் நுரை தள்ளும், உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றும். ஒரு முறை பார்த்தவர்கள், பேரப்பிள்ளை மண்ணளையும் தொட்டியில் அதைப் போட மாட்டார்கள்.

தென்னை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மரத்தடியில் இருக்கும் கொய்யா, குரோட்டன்ஸ் இலையெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்தால் அந்தச் செடிக்கு மருந்தடிக்காதீர்கள். அண்ணாந்து பாருங்கள். தென்னை ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளைப் பூச்சு தெரியும். 2016இல் பொள்ளாச்சியில் முதலில் கண்டுபிடித்த சுருள் வெள்ளை ஈ அது. கறுப்பு அதன் கழிவில் படரும் பூசணம். மைதா மாவு 25 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரியோடு சேர்ந்து உரிந்து விழும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டிவிடுங்கள். இதற்கும் ஒரு குளவி இருக்கிறது, தானாகவே வந்து சேர்ந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

இத்தனை பயமுறுத்திவிட்டு, இருந்தாலும் கொடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. அதற்குக் காரணம் கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல் எங்கள் ஊரையும் பேராவூரணியையும் என்ன செய்தது என்று நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை போனதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். என் வீட்டிலும் 11 தென்னை சாய்ந்தது. விடிந்ததும் கதவைத் திறந்தேன். கொல்லை இருந்த இடத்தில் மட்டையும் ஓலையும் இடுப்பளவு கிடந்தன. நிமிர்ந்து நின்றது துணி துவைக்கும் கல் ஒன்றுதான். மரம் அறுக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வர 16 நாள் ஆயிற்று. அடியில் கிடந்ததெல்லாம் அதற்குள் வெந்து அழுகிப்போயிற்று. மதுக்கூர் செம்பருத்தி இல்லை, இரட்டைப் பிள்ளை வீட்டு இட்லிப்பூ இல்லை. எங்கள் அம்மா நீடாமங்கலத்து வீட்டிலிருந்து எனக்குக் கல்யாணச் சீரோடு கொடுத்தனுப்பிய பன்னீர் ரோஜாவும் இல்லை. அம்மா இறந்து அப்போது ஒன்பது வருஷம். நான் மரம் விழுந்ததற்கு அழவில்லை, அந்த ரோஜாவுக்கு அழுதேன்.

தை பிறந்தபிறகு கும்பகோணத்திலிருந்து ஒரு போன். நான் பிரசவம் பார்த்த வீட்டுப் பெண், அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். “நர்சம்மா, நீங்க எங்கம்மாவுக்குக் குடுத்த பன்னீர் ரோஜாவுல ஒரு கொப்பு நான் கொண்டாந்து வச்சேன். அம்மா வீட்டுல இப்ப இல்ல, புயல்ல போயிடுச்சு. எங்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வாரமே ஏழு கொப்பு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி அதன்மேல் வாழைப்பட்டை கட்டி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏழில் ஐந்து பிடித்தது. பங்குனியில் முதல் பூ.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விதையிலிருந்து வருவது பிள்ளை. தாயைப் போல இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கொப்பிலிருந்து வருவது பிள்ளை இல்லை, அதே செடி. நீடாமங்கலத்தில் அம்மா கைப்பட வெட்டியது எதுவோ, அதுவேதான் என் வீட்டுக்கு வந்தது, அந்தம்மா வீட்டுக்குப் போனது, கும்பகோணம் போனது, இன்று என் வாசலில் நிற்கிறது. நான் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் கஜாவோடு அது முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நானே நோட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன், இந்த முறை கேட்டு வாங்க. கொடுத்தது யாருக்கு என்று எனக்கு நினைவில்லாத செடியைக்கூட அவர்கள் “இது நீங்க குடுத்தது” என்று காட்டினார்கள். சேதுபாவாசத்திரம் அரளி கிடைத்தது. மதுக்கூர் செம்பருத்தி ஒரத்தநாட்டில் ஒரு மாட்டுக்கொட்டகைச் சுவரின் மறைவில் தப்பித்திருந்தது. இட்லிப்பூ மட்டும் இதுவரை எங்கும் கிடைக்கவில்லை. அது வெளிர் ஆரஞ்சு நிறம், சின்ன இலை, கொத்து சின்னதாக இருந்தாலும் நெருக்கமாகப் பூக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் 1990ஐ ஒட்டி ஒரு சுகாதார செவிலியரிடம் அப்படி ஒரு கொப்பை யாராவது வாங்கியிருந்தால் அது என்னுடையதுதான்.

திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. திருடுகிறவர் அவசரத்தில் பிய்ப்பார். பிய்த்த செடிக்கும் காயம், எடுத்துப்போனதற்கும் காயம். கேட்டு வாங்கினால் எந்த மாதம் கவாத்து செய்ய வேண்டும், எந்த வெயில் பிடிக்கும், எந்தப் பூச்சி வரும் என்று நாலு வார்த்தையும் சேர்ந்து வரும். கொடுக்கிறவர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “இதுல போன வருஷம் மாவுப்பூச்சி வந்துச்சு, பாத்துக்கங்க” என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடி பிறந்துவிட்டது. இன்றிலிருந்து புரட்டாசி முடிய எங்கள் பக்கம் கொப்பு வைக்க நல்ல காலம். ஐப்பசி அடைமழை வந்தால் அழுகல் அதிகமாகும். இந்த மூன்று மாதத்துக்கு வாரம் அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். எந்த ஊர், என்ன செடி, எப்படி வைத்தார்கள், பிழைத்ததா என்று வாசகர்கள் எழுதட்டும். பிழைக்காததையும் எழுதச் சொல்லுங்கள். டீத்தூள், முட்டை ஓடு, வெங்காயத்தோல் என்று சமையலறைக் குப்பையை எல்லாம் பச்சையாகத் தொட்டியில் கொட்டச் சொல்லும் குறிப்புகளைப் போடுவதற்கு முன் ஒரு வேளாண் அலுவலரிடம் காட்டிவிடுங்கள். மக்காத குப்பை எறும்பைத்தான் கூப்பிடும்.

அந்தச் சகோதரிக்கு: மதுக்கூர் செம்பருத்தியில் இரண்டு கன்று சென்ற மாதம் வேர்விட்டது. ஒன்று உங்களுக்கென்று வாசல் பக்கம் தனியாக நிற்கிறது. மூன்று வாரம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதுவரை எறும்பு ஏறவில்லை. கூடவே ஒரு சாண் கொப்பு நாலும் வெட்டி, வாழைப்பட்டையில் கட்டித் தங்கள் நாளிதழ் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் அவர்கள் சேர்ப்பித்துவிட்டால் புண்ணியமாகப் போகும். கொப்பு மூன்று நாள் தாங்கும், அதற்குள் நட்டுவிடுங்கள். சாய்வாக வெட்டியிருக்கும் பக்கம்தான் கீழ்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பட்டுக்கோட்டை.